தலைமேல் படகு

மேட்டூர்,
ஆடி 18

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் தோள்பட்டை வலி குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள். தோள்பட்டை விஷயம் அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நீ முழிப்பது இங்கிருந்தே தெரிகிறது. 'அப்பாகிட்ட சொல்லிடாதம்மா' என்று தொடங்கும் உன் குரல் பதிவு, வந்த அரை மணி நேரத்தில் என் காதுக்கு வந்துவிட்டது. கல்யாணமான இந்த 26 வருடத்தில் உன் அம்மா என்னிடம் எதையும் மறைத்ததில்லை, நகைச்சீட்டு ஒன்றைத் தவிர.

போனில் பேசலாம்தான். பேசினால் நான் குரலை ஏற்றுவேன், நீ 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். இருபத்தெட்டு வருடம் மின்வாரியத்தில் குறிப்பேடு எழுதிய கை இது. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். இன்றைக்கு ஆடிப்பெருக்கு வேறு. ஊரே ஆற்றங்கரையில் இருக்கிறது. அணைக்கட்டு முனியப்பன் கோயில் பக்கம் கால் வைக்க இடமில்லை. அம்மா விடிகாலையிலேயே போய்த் தலை முழுகி, தாலிக் கயிறு மாற்றிக்கொண்டு வந்து, நாலு வகைச் சாதம் கிளறி வைத்துவிட்டு அசதியில் தூங்குகிறாள். உன் தம்பி எங்கே போனான் என்று தெரியவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

பிப்ரவரியில் என் வங்கிக் கணக்கு விவரம் கேட்டாய். பிரான்ஸ் விசாவுக்கு என்றாய். கார்டிஃப் காலேஜ் கிளப்போடு மலைக்கு டூர், இரண்டு வாரம், கூடாரத்தில் தங்கல் என்றாய். படகு என்ற சொல் உன் வாயில் ஒருமுறை வந்தது உண்மைதான். நான் ஊட்டி ஏரி, ஏற்காடு ஏரி என்று நினைத்துக்கொண்டேன். காலால் மிதித்து ஓட்டுகிற அன்னப்பறவைப் படகு. காப்பீட்டுத் தாளில் 'ஒயிட் வாட்டர்' என்று ஒரு வரி இருந்ததை அம்மாவிடம் காட்டினேன். 'மினரல் வாட்டரா இருக்கும், அங்கெல்லாம் எல்லாத்துக்கும் இன்சூரன்ஸ் உண்டு' என்றாள். இரண்டு பேரும் திருப்தியாகிவிட்டோம்.

அப்புறம் நீங்கள் கூடாரம் போட்ட பிரான்ஸ் ஊர் லார்ஜான்டியேரிலிருந்து முதல் நாள் இரவு பேசினாய். 'இன்னைக்கு மூணு தடவை ஸ்விம் பண்ணேன்பா' என்றாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏழாவது படிக்கும்போது உன்னை நீச்சலுக்கு அனுப்பியது வீண் போகவில்லை என்று பக்கத்து வீட்டு சாரிடம்கூடச் சொல்லிக்கொண்டேன். பத்து நாள் கழித்துத்தான் தெரிகிறது, ஒயிட் வாட்டர் என்பது நுரை பொங்கப் பாய்கிற ஆறு, அதில் கயாக் என்கிற ஒல்லிப் படகு ஓட்டுகிற உங்கள் கூட்டத்தில் ஸ்விம் என்றால் படகு கவிழ்ந்து, தலைகீழாகத் தொங்கி, நிமிர முடியாமல், படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மாட்டியிருக்கும் அந்த ஸ்ப்ரே டெக்கைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து ஆற்றோடு போவது என்று. அப்படிப் போனவர்கள் ராத்திரி தங்கள் ஈர ஷூவிலேயே பீர் ஊற்றிக் குடிக்க வேண்டும் என்பது உங்களுக்குள் ஒரு வழக்கமாம். நீ ஆரஞ்சு ஜூஸ் ஊற்றிக் குடித்ததாகச் சொன்னாயாம். நம்பிவிட்டேன். ஷூதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

இதெல்லாம் வெளியே வந்தது உங்கள் கிளப் போட்ட வீடியோவால். உன் தம்பி அதைக் கண்டுபிடித்து டிவியில் போட்டான். ஒன்பது நிமிடம். பின்னால் ஒரு பாட்டு, சகிக்கவில்லை. முதல் தடவை பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மூன்றாம் தடவை பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். பழக்கதோஷம்.

நீங்கள் படகு விட்ட தூரான்ஸ் ஆற்றை இப்போது எனக்கு ஓரளவு தெரியும். இத்தாலி எல்லையில் மோன்ஜெனெவ்ர் பக்கம் பிறந்து, பிரியான்சோன் கோட்டையின் காலடியில் ஓடி, நீங்கள் கூடாரம் போட்ட ஊரைக் கடந்து, ஆம்ப்ரன் தாண்டி, கடைசியில் அவிஞோன் பக்கம் ரோன் ஆற்றில் விழுகிறது. மொத்தம் 320 கிலோமீட்டர் சொச்சம். நீங்கள் இறங்கிய அன்று 40 கன மீட்டர் போனது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். நான் அதை 35.3 ஆல் பெருக்கிப் பார்த்தேன். வினாடிக்கு 1,400 கன அடி. அவ்வளவுதானா என்று இருந்தது. ஒகேனக்கலில் 1,400 கன அடி என்றால் டூர் வந்தவர்கள் 'தண்ணியே இல்ல' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு மீன் வறுவல் மட்டும் தின்றுவிட்டுப் போவார்கள்.

அப்புறம்தான் சரிவைப் பார்த்தேன். நீங்கள் இருந்த ஊரிலிருந்து ஆம்ப்ரனுக்குக் கீழே இருக்கிற ஏரி வரை, நாற்பது கிலோமீட்டருக்குள் ஆறு ஏறக்குறைய 200 மீட்டர் இறங்குகிறது. நம் அணைக்குக் கீழே காவிரி 200 மீட்டர் இறங்க வேண்டும் என்றால் ஈரோடு, திருச்சி, கும்பகோணம் எல்லாம் பார்த்துவிட்டுப் பூம்புகாரில் கடலுக்கே போய்விட வேண்டும். அந்த மொத்த இறக்கத்தையும் சுருட்டி, நம் அணைக்கும் பவானிக்கும் நடுவில் வைத்தால் எப்படி இருக்கும்? அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் என்னை அசத்திவிட்டது. அங்கே மதகைத் திறப்பது வெயில். நமக்குக் கபினியிலோ கிருஷ்ணராஜசாகரிலோ யாரோ ஒருவர் திறந்துவிட வேண்டும், அது பிலிகுண்டுலுவில் அளவுகோலைத் தொட வேண்டும், அப்புறம் செய்தியில் வாசிப்பார்கள். அங்கே ஜூலை மாதத்தில் பகலெல்லாம் பனி உருகி, அந்தத் தண்ணீர் பாறை பாறையாக இறங்கிச் சாயங்காலம்தான் ஆற்றுக்கு வந்து சேர்கிறது. காலையில் முழங்கால் அளவு இருந்த ஓடை மாலையில் இடுப்பளவு ஆகிவிடுமாம். 4,102 மீட்டர் பார் தெ ஸெக்ராங் சிகரத்தின் பனிப்பாறையிலிருந்து நேராக வருகிற ஜீரோந்து மாதிரி ஆறுகளில் அது இன்னும் அதிகம். அங்கே போன அன்று மட்டும் உங்கள் தலைவி ஆறு மணிக்கே எல்லோரையும் தட்டி எழுப்பினாள் என்றாய். மற்ற நாளெல்லாம் பத்து மணிக்கு முன்னால் எழுந்ததில்லை என்றும் நீயே சொன்னாய். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. தண்ணீருக்கு என்று ஒரு கடிகாரம் இருக்கிறது என்று தெரிந்தவள்.

வீடியோவில் நீ ஒரு பாறைக்குப் பின்னால் போய்ச் சட்டென்று திரும்பி நின்றாய். இரண்டு பக்கமும் ஆறு பாய்கிறது, நீ மட்டும் நடுவில் சும்மா உட்கார்ந்து ஹெல்மெட் வாரைச் சரிசெய்கிறாய். எடி என்கிறீர்கள் அதை. உன் தாத்தா அதற்குப் பேர் எதுவும் சொன்னதில்லை, கையைத்தான் காட்டுவார். தண்ணீர் பாறையைச் சுற்றி வந்து பின்பக்கம் மேல்நோக்கித் திரும்பும். அதில் பரிசலின் விளிம்பைக் கொஞ்சம் நுழைத்தால் போதும், தண்ணீரே உள்ளே இழுத்து உட்கார வைத்துவிடும். பீடி பற்றவைக்க அவர் ஒதுங்குகிற இடம் அது. நீ அங்கே நின்று வாரைச் சரிசெய்ததைப் பார்த்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அவரை நீ பார்த்ததுகூட இல்லை.

தாத்தா ஒகேனக்கல் ஊட்டமலையில் பரிசல் ஓட்டினார் என்று உனக்குத் தெரியும். அதற்குமேல் நான் சொன்னதில்லை. மூங்கில் பிளாச்சு பின்னி, அந்தக் காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தி, பின்னால் சாக்கும் தாரும் வந்தது. உன் கயாக்கும் அடியில் தோல் படகுதானாம். வடதுருவப் பக்கத்து இன்யூட் மக்கள் கடல்நாய்த் தோல் போர்த்திச் செய்தது. அந்தக் கடலில் கவிழ்ந்து வெளியே வந்தால் குளிரிலேயே உயிர் போய்விடும். அதனால்தான் உட்கார்ந்தபடியே துடுப்பை வீசி நிமிர்கிற வித்தையை அவர்கள் கண்டுபிடித்தார்கள். அதைத்தான் நீ கார்டிஃபில் குளிர்காலம் முழுக்க நீச்சல் குளத்தில் பழகியிருக்கிறாய். நான் 'ஜிம்முக்குப் போகிறாள்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று தெரியுமா? நீ இருக்கிற வேல்ஸிலேயே, மேற்குப் பக்கம் டைவி ஆற்றில், அச்சு அசல் நம் பரிசல் மாதிரியே ஒன்றில் உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். முடிந்ததும் ஆமை ஓடு மாதிரி முதுகில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். படம் பார்த்தேன். தொப்பியை எடுத்துவிட்டுத் தலைப்பாகை கட்டினால் ஊட்டமலைக்காரன்தான்.

பரிசல் எதிர்த்து ஏறாது. ஓட்டத்தோடு கீழே போகலாம், குறுக்கே கடக்கலாம், அவ்வளவுதான். இறங்கின தூரத்தைத் திரும்ப ஏற வேண்டும் என்றால் கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டு பாறைமேல் நடக்க வேண்டும். சின்ன வயதில் எனக்கு அப்பா என்றால் அந்த உருவம்தான். ஒரு பெரிய கறுப்பு வட்டம், அதற்குக் கீழே இரண்டு கால். தூரத்திலிருந்து கால்களை வைத்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவேன். பாதி நாள் அவர் அப்படி நடந்துகொண்டுதான் இருந்தார்.

துறைக்கு எதிரே ஒரு பாறை உண்டு. எங்கள் வீட்டில் அதற்கு எருமை என்று பேர். எருமையின் முதுகு தெரிந்தால் ஆள் ஏற்றலாம். கழுத்து வரை தண்ணீர் வந்தால் வெறும் பரிசல் மட்டும். கொம்பு மாதிரி இரண்டு முனை தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன் நிழலில் படுத்துவிடுவார். யார் வந்து கேட்டாலும் எழுந்திருக்க மாட்டார். இரட்டைக் கூலி என்பார்கள், அவசரம் என்பார்கள், அந்தப் பரிசல்காரன் போகிறானே நீ என்ன பயந்தாங்கொள்ளியா என்பார்கள். 'ஆமாங்க' என்பார். எனக்கு அப்போது அது அவமானமாக இருக்கும்.

இப்போது உன் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் டூரில் பரிசலில் ஏறக் கூடாது என்று அவள் தடுத்ததற்காக நீ இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாய், ஞாபகம் இருக்கும். காரணம் நான்.

கல்யாணமாகி மூன்று மாதம். ஆனி கடைசி. ஆடிக்கு அவளை அழைத்துப்போக உன் மாமன்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். சேலத்துக்காரர்கள், தறி ஓட்டுகிற குடும்பம், ஆறு பார்த்தாலே வாய் பிளப்பார்கள். எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருடம், கையில் வாட்ச், முழுக்கால் சட்டை. மச்சான்களைப் பரிசலில் ஏற்றிக் காட்ட வேண்டும். சின்ன வயதிலிருந்து துடுப்புப் பிடித்தவன், எனக்குத் தெரியாத ஆறா? எருமைக்குக் கொம்பு மட்டும்தான் தெரிந்தது. அப்பா பார்த்துவிட்டு, 'இன்னைக்கு வேணாம்டா' என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் திரும்பி மச்சான்களைப் பார்த்தேன். பெரியவர் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலே எழுத்து, கயல். வரவில்லை.

நடு ஆற்றுக்குப் போவதற்குள்ளேயே பரிசல் என் பேச்சைக் கேட்கவில்லை. சுற்ற ஆரம்பித்தது. முதல் சுற்றுக்கு மச்சான்கள் சிரித்தார்கள், நான் வேண்டுமென்றே சுற்றுகிறேன் என்று. மூன்றாவது சுற்றில் பாறையில் அடித்து ஒரு பக்கம் தூக்கியது. நாலு பேரும் தண்ணீரில். உன் அம்மாவின் கை என் சட்டைக் காலரில் இருந்தது, அதை அவள் விடவே இல்லை, கழுத்து நெரிந்தது. சின்ன மாமா பாறையைப் பல்லி மாதிரி பிடித்துக்கொண்டு முனியப்பனைக் கூப்பிட்டார். கீழே நின்ற இரண்டு பரிசல்காரர்கள் வந்து இழுத்தார்கள். போனது உன் அம்மாவின் ஒரு கொலுசு, என் வாட்ச், பாட்டி பொரித்துக் கொடுத்த மீனோடு நாலடுக்கு டிபன் கேரியர். கேரியர் மூடி மட்டும் பிறகு யாரோ வலையில் வந்தது என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். பரணில் இருக்கிறது.

தாத்தா கரையில் நின்றார். நாலு பேர் தலையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், எண்ணுகிற மாதிரி. அப்புறம் பரிசலைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் சாப்பிட உட்காரும்போது, 'தண்ணிக்கு மாப்பிள்ளை யாருன்னு தெரியாதுடா' என்றார். அதற்குமேல் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன் அம்மா அதற்கப்புறம் பரிசலில் ஏறவில்லை. இன்றைக்கு ஆடிப்பெருக்குக்குக்கூடப் படியில் உட்கார்ந்து சொம்பால்தான் மொண்டு ஊற்றிக்கொள்கிறாள்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். ஆறு நிமிடம் நாற்பதாவது வினாடி. ரபியூ என்கிற அந்த இடம். பக்கத்து மலையிலிருந்து இறங்குகிற ரபியூ ஓடை கொண்டுவந்து கொட்டின கல்லும் பாறையும் தூரான்ஸை நெரிக்க, ஆறு எழும்பி ஒரு பெரிய அலையாக நிற்கிறது. ஓடுகிற ஆற்றில் நகராமல் நிற்கிற அலை. கரையில் வேடிக்கை பார்க்க ஜனம் உட்கார்ந்திருக்கிறது, நம் ஊர் மஞ்சுவிரட்டு மாதிரி. உங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஒருவன் அலைக்குள் மறைந்து மறுபக்கம் வருகிறான், கரையில் கைதட்டு. இன்னொரு பெண் குறுக்காகப் போய் நிமிர்கிறாள், கைதட்டு. அப்புறம் பதினோரு வினாடி. சிவப்புப் படகைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஹெல்மெட் கழற்றாமல், அந்த ஜனத்துக்கு நடுவே தலையைக் குனிந்தபடி ஒரு பெண் நடந்து போகிறாள்.

உன் முகம் தெரியவில்லை. கால்களை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

'எல்லாரும் போனாங்கம்மா, நான் மட்டும் நடந்தேன், அசிங்கமா இருந்துச்சு' என்று நீ சொன்னதை நான் பலமுறை கேட்டேன். கரையில் இருபது நிமிடம் நின்று பார்த்தாய் என்றும், அலைக்குக் கீழே தண்ணீர் திரும்பிச் சுற்றுகிற இடம் பிடிக்கவில்லை என்றும், அதற்கு முந்தின நாள்தான் தோள் பிசகியது என்றும் அதே பதிவில் இருக்கிறது. இவ்வளவு காரணத்தையும் நீயே சொல்லிவிட்டு, கடைசியில் அசிங்கம் என்கிறாய். உன் தலைவி 'நடக்கிறவங்க நடங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை என்றாய். நான் சொன்னேனே, அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது என்று.

நான் அந்தப் பதினோரு வினாடியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். உன் தம்பி, 'என்னப்பா, நடக்கறதைப் போய்ப் பாக்கறீங்க, அடுத்த சீன்ல ஒருத்தன் பல்டி அடிக்கறான் பாருங்க' என்றான். அவனுக்கு என்ன தெரியும்.

மற்றபடி எனக்குச் சில கேள்விகள். ஓடுகிற தண்ணீரில் காலை ஊன்றி நிற்கக் கூடாது, கல் இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் ஆளை அப்படியே மடக்கிவிடும், மல்லாந்து காலை மேலே தூக்கிக்கொண்டு மிதக்க வேண்டும் என்று எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித் தருவார்களாமே. முதல் நாள் மூன்றாவது ஸ்விம்மில் நீ எழுந்து நிற்கப் பார்த்தாய். வீடியோவில் இரண்டாவது நிமிடம். உனக்குத் தெரிந்த விஷயம்தான், பதற்றத்தில் கால் தானாகத் தேடும். அதைப் பழகு. கரையோரம் சாய்ந்து கிடக்கிற மரத்துக்குப் பக்கம் போகாதே. தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், நாம் போக மாட்டோம். பனி உருகின தண்ணீர் முகத்தில் பட்டதும் மூச்சு அடைத்தது என்றாயாம். அது எல்லோருக்கும் வருமாம், ஒரு நிமிடத்தில் அடங்குமாம். கிளப் ஹெல்மெட் எத்தனை தலை பார்த்ததோ, ஓரத்தில் விரிசல் மாதிரி ஒரு கோடு தெரிகிறது. உனக்கென்று சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள். பணம் போட்டுவிட்டேன், நேற்றே. மிச்சத்துக்கு ஷூ வாங்கு. குடிக்காத ஷூ.

அம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பதினெட்டுப் பேருக்கு நீ எலுமிச்சைச் சாதம் செய்தாயாமே, அந்த ஊர் அரிசி குழைந்துவிட்டதாமே, எத்தனை டம்ளருக்கு எத்தனை தண்ணீர் வைத்தாய்?

கடைசி நாள் ஏரிக்கரையிலிருந்து நீ அனுப்பிய படத்தை நான் போனில் முகப்புப் படமாக வைத்திருக்கிறேன். நடுத் தண்ணீரில் ஒரு சின்ன மேடு, அதன்மேல் தனியாக ஒரு கோயில். அழகா இருக்கில்லப்பா என்று மட்டும் எழுதியிருந்தாய். அது செர்-போன்சோன் அணை, மண்ணால் கட்டியது. 1960ஐ ஒட்டி அதில் தண்ணீர் தேக்கியபோது சாவின் என்கிற ஊரையே காலி செய்து இடித்துவிட்டு, மேலே புதிதாக ஊர் கட்டினார்கள். அந்தச் சின்னக் கோயில் மேட்டில் இருந்ததால் தப்பியது. நம் அணையும் 1934இல் இதைத்தானே செய்தது. கோடையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டுமே, உன்னைத் தோளில் வைத்துக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். நந்தி ஏன் குளிக்கிறது என்று கேட்டாய். நீங்கள் ஒன்பது நாள் கத்திக்கொண்டு இறங்கின ஆறு அந்த ஏரியில் வந்து சத்தமே இல்லாமல் படுத்துக்கொள்கிறது என்று நினைத்தால், அங்கே வேலை பார்த்த எந்த மின்வாரியக்காரனோ அவனோடு ஒரு டீ குடிக்க வேண்டும் போல இருக்கிறது.

இன்னொரு விஷயம். ரபியூவுக்குக் கீழே படகைப் போட்டுவிட்டு நீ கயிற்றுப் பையோடு கரையில் போய் நின்றாய். நடந்தவர்கள் எல்லோரும் அப்படி நிற்க வேண்டுமாமே. ஒரு பையன் அலையில் கவிழ்ந்து வெளியே வந்தான். நீ எறிந்தாய். எட்டவில்லை. பக்கத்தில் நின்ற பெண் எறிந்தது எட்டியது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான். நீ ஆளைப் பார்த்து எறிந்தாய், கயல். கயிறு காற்றில் கொஞ்சம் தூரத்தைத் தின்னும், ஆளும் அதற்குள் கீழே போய்விடுவான். ஆளைத் தாண்டி எறிய வேண்டும், அவன் மேலேயே குறுக்காக விழுகிற மாதிரி. கையைத் தோளுக்கு மேலே சுழற்றாதே, தோள் இருக்கிற நிலைக்குக் கீழிருந்து வீசுவதுதான் நல்லது.

போன வாரம் கடைவீதியில் 20 மீட்டர் கயிறு வாங்கி வந்தேன். நைலான். வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டேன். கடைக்காரர் மாட்டுக்கா என்றார். பொண்ணுக்கு என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். இது மிதக்கிறது. பழைய மஞ்சப்பை ஒன்றில் உன் அம்மா அதற்கு வாய் வைத்துத் தைத்துக் கொடுத்தாள், என்னத்துக்கு என்று கேட்காமலே. கொல்லையில் தென்னை மரத்துக்கு எறிந்து பழகுகிறேன். பத்துக்கு ஆறு படுகிறது. டிசம்பரில் நீ வரும்போது பத்துக்கு ஒன்பது ஆகிவிடும்.

அம்மா எழுந்துவிட்டாள். தேங்காய்ச் சாதம் ஆறிப்போகிறதாம், கூப்பிடுகிறாள்.

அன்புடன்,
அப்பா